ஷமோனிக்கு ஒரு இரவு கொடுங்கள்: ஐரோப்பா டூர் நடத்தும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பா டூர் நடத்தும் தமிழ்நாட்டுப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

நான் ஜெனீவாவில் வசிக்கிறேன். இங்கிருந்து பஸ் பிடித்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஷமோனி. எல்லை தாண்டி பிரான்சுக்குள் போனால் ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே, மோன் ப்ளாங் சிகரத்தின் காலடியில் இருக்கும் ஊர். எனக்கு அடிக்கடி போய்ப் பழகிய ஊர். சொந்தக்காரர்களும் நண்பர்களும் உங்கள் குழுக்களோடு ஐரோப்பா வரும்போது நானும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வேன். கேபிள் கார் வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் அவர்களோடு நிதானமாகப் பேச முடிகிறது.

உங்கள் பயணத் திட்டங்களில் இந்த ஊருக்குப் பெரும்பாலும் அரை நாள்தான். காலையில் பஸ் வந்து நிற்கும். எகுய் து மிடி என்ற சிகரத்துக்குப் போகும் கேபிள் காரில் எல்லோரையும் மேலே ஏற்றுவீர்கள். உச்சியில் முக்கால் மணி நேரம், போட்டோ. இறங்கியதும் பார்க்கிங் பக்கத்திலேயே புளிசாதப் பொட்டலம். மதியம் தாண்டுவதற்குள் பஸ் கிளம்பிவிடும். நாற்பது பேருக்கு விசா எடுத்து, சைவச் சாப்பாடு ஏற்பாடு செய்து, வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு பாடு என்று தெரியும். அந்த உழைப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் வந்துவிட்டுப் போகிறவர்களிடம் எந்த ஊருக்குப் போனீர்கள் என்று கேட்டால் மோன் ப்ளாங் என்கிறார்கள். ஷமோனி என்ற பெயரே பலருக்குத் தெரிவதில்லை. இவ்வளவு செலவழித்து ஒரு ஊருக்குள் வந்து, அந்த ஊரைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ஷமோனிக்கு ஒரு இரவு கொடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பஸ் ஊருக்குள் நுழையும் வழியிலிருந்தே தொடங்கலாம். ஜெனீவா பக்கமிருந்து வரும்போது, ஊருக்குச் சற்று முன்னால் வலது பக்கம் ஒரு பனியாறு மலையிலிருந்து நேராகக் கீழே தொங்கும். மேலே வெள்ளை, இடையிடையே நீலப் பிளவுகள், அடியில் வெறும் பாறையும் சரளையும். அதன் பெயர் பொஸ்ஸோன். மோன் ப்ளாங் உச்சிச் சரிவில் விழும் பனி அழுந்தி இறுகி, பல பத்தாண்டுகள் மெல்ல நகர்ந்து அந்த வழியாகக் கீழே வருகிறது. உங்கள் பஸ்கள் எல்லாமே அதைத் தாண்டித்தான் வருகின்றன. அந்தப் பனிக்குள் நம் நாட்டு மக்கள் இருக்கிறார்கள் என்பதை எந்த டூர் மேனேஜரும் மைக்கில் சொல்லி நான் கேட்டதில்லை.

1950 நவம்பர் 3. பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் மோன் ப்ளாங் உச்சிக்குக் கொஞ்சம் கீழே மோதியது. பயணிகள் பெரும்பாலும் இங்கிலாந்தில் கப்பல் வேலைக்குப் போன இந்திய மாலுமிகள். 48 பேரும் இறந்தார்கள். யாராவது உயிரோடு இருக்கலாம் என்ற நம்பிக்கையில், குளிர்காலம் தொடங்கிவிட்ட அந்த மலையில் ஷமோனியிலிருந்து ஒரு மீட்புக் குழு ஏறியது. அதில் ஒருவரான ரெனே பாயோ என்ற வழிகாட்டி அந்தத் தேடலிலேயே உயிரை விட்டார். முன்பின் பார்த்திராத இந்தியர்களைத் தேடிப் போய் இறந்தவர் அவர்.

பதினைந்து வருடம் கழித்து, 1966 ஜனவரி 24 காலை, கிட்டத்தட்ட அதே இடத்தில் ஏர் இந்தியாவின் இன்னொரு விமானம் மோதியது. பெயர் 'கஞ்சன்ஜங்கா', போயிங் 707. பம்பாயில் கிளம்பி டெல்லி, பெய்ரூட் வழியாக ஜெனீவாவில் இறங்க வேண்டியது. 117 பேர். வியன்னாவில் நடக்கவிருந்த கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் அதில் இருந்தார். அதே நாளில்தான் டெல்லியில் இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். பாபா இருந்ததால் சதி என்ற பேச்சு இன்றைக்கும் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு விசாரணை சொன்னது வேறு. திசை காட்டும் ரேடியோ கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. மோன் ப்ளாங்கைத் தாண்டிவிட்டோம் என்று விமானி தவறாகக் கணித்தார். தரையிலிருந்து ரேடார் அதிகாரி சொன்ன திருத்தத்தை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். விமானம் மலை இருந்த பக்கம் இறங்கத் தொடங்கியது.

பனியாறு தன்னிடம் விழுந்ததை வைத்துக்கொள்வதில்லை, கீழே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. 2012 ஆகஸ்டில் மீட்புப் பணியாளர் ஒருவர் அங்கே ஒரு சணல் பையைக் கண்டெடுத்தார். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை குத்திய அஞ்சல் பை. உள்ளே 1966 ஜனவரி நடுவில் வந்த செய்தித்தாள்கள், ஏர் இந்தியா காலண்டர்கள், கடிதம். செய்தித்தாள்களில் ஒன்று நம் சென்னையிலிருந்து வரும் 'தி இந்து'. நாற்பத்தாறு வருடம் பனிக்குள் கிடந்தும் எழுத்து படிக்கும்படி இருந்ததாம். அந்தப் பையை டெல்லிக்குக் கொண்டுபோன ஏர் இந்தியா விமானத்தில் அதற்குப் பொறுப்பாக இருந்த ஊழியர், 1966 விமானத்தில் பொறியாளராகப் போய் இறந்தவரின் மகன். எத்தனை முறை யோசித்தாலும் இந்த இடத்தில் மனம் நின்றுவிடுகிறது.

அடுத்த வருடம், 2013இல், மலையேறப் போன ஓர் இளைஞர் ஒரு சிறு பெட்டியைக் கண்டார். மரகதம், நீலம் என்று ரத்தினக் கற்கள். பொட்டலங்களில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்தது. அவர் அதை நேராகக் கொண்டுபோய் போலீசில் கொடுத்தார். உரியவர்களைக் கண்டுபிடிக்க முடியாமல் போகவே, சட்டப்படி 2021இல் அவருக்கும் ஷமோனி நகராட்சிக்கும் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒன்றரை லட்சம் யூரோ அளவுக்கு மதிப்பு. நகராட்சி தன் பங்கை விற்கவில்லை, ஊரில் இருக்கும் படிக அருங்காட்சியகத்தில் வைத்தது. 2020 கோடையில், இந்திராவின் வெற்றியைத் தலைப்பாகப் போட்ட இந்திய நாளிதழ்கள் பொஸ்ஸோன் பனியாற்றில் வெளியே வந்தன. பக்கத்தில் சிறு உணவகம் நடத்துகிறவர்தான் கண்டெடுத்து, காயவைத்து, பத்திரப்படுத்தினார்.

இதையெல்லாம் சொல்ல பஸ்ஸில் பத்து நிமிடம் போதும். உங்கள் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் ஜன்னல் பக்கம் திரும்பி அந்தப் பனியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பனியாறு மனிதர்களைத் திருப்பிக் கொடுப்பது இந்த ஊருக்கு அதற்கும் முன்னால் தெரிந்த விஷயம். 1820 ஆகஸ்டில் ஹாமெல் என்ற ரஷ்ய அறிஞரின் குழு மோன் ப்ளாங் ஏறியது. வானிலை சரியில்லை என்று வழிகாட்டிகள் தயங்கினார்கள் என்பது ஊர் சொல்லும் வரலாறு. பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் ஒரு பிளவுக்குள் போய்விட்டார்கள். பியேர் பல்மா, பியேர் கரியே, ஒகுஸ்த் தெரா. பனியாறு நகரும் வேகத்தைக் கணக்கிட்ட ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி, சுமார் நாற்பது வருடத்தில் அவர்கள் கீழே வருவார்கள் என்று சொல்லிவைத்தார். 1861இல் பொஸ்ஸோனின் அடிவாரத்தில் உடல்களின் பாகங்களும் துணிகளும் வெளிவரத் தொடங்கின. அன்றைய விபத்தில் தப்பிய ஒரு வழிகாட்டி, அப்போது கிழவர், தன் நண்பர்களை அடையாளம் காட்டினார்.

அந்த மூன்று சாவுதான் ஷமோனியை இன்றைய ஷமோனியாக ஆக்கியது. அடுத்த வருடமே, 1821இல், வழிகாட்டிகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். உலகத்திலேயே பழைய மலை வழிகாட்டிகள் சங்கம் அதுதான். இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார்கள். வருகிற பயணியை யார் கூட்டிப் போவது என்பது முறைவைத்து வரும். காசு கொடுக்கும் பயணி ஆளைப் பொறுக்கி எடுத்து, மற்றவன் வீட்டில் அடுப்பெரியாமல் போகக் கூடாது. அப்புறம் ஒரு பொது நிதி. மலையில் அடிபட்டவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் அதிலிருந்து பணம் போகும். மாடு மேய்த்தும் ஓட்ஸ் விதைத்தும் வாழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு ஏழைகள், தொழிலாளர் சட்டம் என்று எதுவும் இல்லாத காலத்தில் தாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு இது. சங்கம் இன்றும் இயங்குகிறது. அலுவலகம் தேவாலயத்துக்குப் பக்கத்தில் மலை இல்லம் என்ற கட்டடத்தில் இருக்கிறது. நேராக உள்ளே போய், நாளைக்கு மேலே வானிலை எப்படி என்று கேட்கலாம். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 15 அன்று வழிகாட்டிகள் திருவிழா. மலையில் இறந்தவர்களின் பெயர்களை அப்போது வாசிப்பார்கள். கூட்டம் முழுக்க ஊர்க்காரர்கள், தங்கள் தாத்தா பெயர் வருகிறதா என்று காத்திருக்கும் முகங்கள்.

உங்கள் பஸ் நிற்கும் இடத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஆர்வ் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை. இரண்டு பேர், ஒருவர் மலையைக் கைகாட்டுகிறார். நம்மவர்கள் பலர் அதன் முன்னால் நின்று படமெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். யார் என்று தெரியாமல்தான். கைகாட்டுகிறவர் ஜாக் பல்மா, பக்கத்தில் நிற்பவர் ஜெனீவா விஞ்ஞானி சொஸ்யூர். 1760இல் ஷமோனிக்கு வந்த சொஸ்யூர், மோன் ப்ளாங் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். அன்றைக்கு அந்த மலைக்கு ஊரில் பேர் சபிக்கப்பட்ட மலை. 1644இல் பனியாறுகள் வளர்ந்து வீடுகளையும் வயல்களையும் விழுங்கத் தொடங்கியபோது, பிஷப்பை வரவழைத்து ஊரே ஊர்வலமாகப் போய் பனியின் முன்னால் ஜெபம் செய்திருக்கிறார்கள். அப்படிப் பயந்த இடத்தின் மேலே ஏற யாருக்குத் துணிச்சல் வரும்? இருபத்தாறு வருடம் ஆயிற்று.

1786 ஆகஸ்ட் 8 மாலை இரண்டு பேர் உச்சியில் நின்றார்கள். மலையில் படிகக் கல் தேடி விற்றுப் பிழைத்த பல்மா ஒருவர். இன்னொருவர் ஊரின் மருத்துவர் மிஷேல்-கப்ரியேல் பக்கார். கயிறு இல்லை, நீண்ட கம்பு மட்டும். பக்கார் பாரமானியும் வெப்பமானியும் சுமந்துபோய் அளவெடுத்தார். ஆனால் அப்புறம் நடந்தது அநியாயம். மார்க்-தியோடோர் பூரி என்ற எழுத்தாளர், தானே ஏற முயன்று தோற்றவர், எல்லாச் சாதனையும் பல்மாவுடையதுதான், மருத்துவரை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது என்று எழுதிப் பரப்பினார். ஊரும் உலகமும் அதையே நம்பின. 1887இல் சிலை வைத்தபோது பக்காருக்கு இடமில்லை. ஆனால் அன்றைக்குக் கீழேயிருந்து தொலைநோக்கியில் அந்த ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டே குறிப்பெழுதிய ஒரு ஜெர்மானியப் பிரபு இருந்தார். வான் கெர்ஸ்டார்ஃப் என்ற அவருடைய குறிப்புகள் பின்னாளில் வெளிவந்து பக்காரின் பங்கை நிரூபித்தன. முதல் ஏற்றத்தின் இருநூறாவது ஆண்டான 1986இல்தான் பக்காருக்குச் சிலை வந்தது. பழைய சிலைக்குப் பக்கத்திலேயே ஒரு பாறையில் உட்கார்ந்து மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு சிலைகளுக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். அந்த இடைவெளியைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள், குழந்தைகள்கூட வாயைத் திறந்து கேட்பார்கள்.

பெண்களும் அந்த உச்சிக்குப் போனார்கள். 1808இல் மரி பாரடி என்ற ஷமோனிப் பணிப்பெண், 1838இல் ஆன்ரியெத் தான்ஷ்வில் என்ற செல்வந்தப் பெண். தான்ஷ்வில் இறங்கி வந்ததும், வயதாகிவிட்ட பாரடியைக் கூப்பிட்டுத் தன்னோடு உட்கார வைத்து விருந்து கொடுத்தார்.

பனிச்சறுக்கு இந்த ஊருக்கு வந்த கதை நம் ஆட்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதைக் கொண்டுவந்தவர் விளையாட்டு வீரர் இல்லை, ஒரு டாக்டர். 1890களின் கடைசி வரை ஷமோனி கோடைக்கால ஊர். பனி விழுந்தால் கதவடைப்பு, குக்கிராமங்களுக்குப் போக வழியிருக்காது. மிஷேல் பாயோ என்ற மருத்துவர் நோர்வேப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு நோயாளிகள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். 1903 ஜனவரியில் அவரே வழிகாட்டிகளோடு பலகைகளில் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை மலைத்தொடரைக் கடந்தார். அந்த வழியில் இன்றைக்கும் உலகம் முழுவதிலுமிருந்து சறுக்கு வீரர்கள் வருகிறார்கள். 1901இல் ரயில் வந்தது, பெரிய ஹோட்டல்கள் குளிர்காலத்திலும் கதவைத் திறந்தன, 1908இல் சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டி நடந்தது. 1924 ஜனவரி 25 முதல் பிப்ரவரி 5 வரை பதினாறு நாடுகள் கலந்துகொண்ட 'சர்வதேசக் குளிர்கால விளையாட்டு வாரம்' இங்கே நடந்தது. அதைத்தான் பிறகு முதல் குளிர்கால ஒலிம்பிக் என்று அறிவித்தார்கள். அதிலும் தாமதமாகக் கிடைத்த ஒரு நீதி உண்டு. பனிச்சறுக்குத் தாவல் போட்டியில் மூன்றாம் இடம் நோர்வேயின் தோர்லீஃப் ஹாகுக்குப் போனது. ஐம்பது வருடம் கழித்து, 1974இல், கூட்டல் கணக்கில் பிழை என்று தெரிந்தது. ஹாக் அப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகள் அந்தப் பதக்கத்தை உரிய அமெரிக்க வீரர் ஆண்டர்ஸ் ஹாகனிடம் கொடுத்தார்.

இந்த ஊரின் குணத்தைச் சொல்ல இன்னொரு சம்பவமும் வேண்டும், அது பெருமைக்குரியது இல்லை. 1956 கிறிஸ்துமஸ் சமயத்தில் வான்சாந்தோன், ஆன்ரி என்ற இரண்டு இளைஞர்கள் மோன் ப்ளாங்கில் புயலில் சிக்கினார்கள். மீட்கப் போவது ஆபத்து என்று ஊர் தயங்கியது. போன ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. கடைசியில் அந்த இருவரையும் மேலேயே விட்டுவிட்டு வந்தார்கள். நாடே கொதித்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு, 1958இல், மலை மீட்புக்கென்றே போலீஸ் பிரிவு ஷமோனியில் உருவானது. ஊருக்குள் இரண்டு மணி நேரம் நின்றால் தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் போகும் சத்தம் கேட்கும். அது அவர்கள்தான்.

சரி, இப்போது எகுய் து மிடி பற்றி. 1955இல் திறந்த அந்தக் கேபிள் கார் பெரிய சாதனை, சந்தேகமில்லை. 1,035 மீட்டரில் ஏறி, நடுவில் ஒரு நிலையத்தில் மாறி, சுமார் இருபது நிமிடத்தில் 3,777 மீட்டரில் இறங்குகிறீர்கள். அங்கிருந்து லிஃப்டில் 3,842. இரண்டாம் கட்டத்தில் கம்பியைத் தாங்க ஒரு தூண்கூடக் கிடையாது. ஆனால் அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரை ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. சென்னையிலிருந்து வந்த ஒரு அறுபத்தெட்டு வயது உடம்பை இருபது நிமிடத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

ஒரு ஜூன் மாதம் மேலே மொட்டைமாடியில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். பட்டுப்புடவை, மேலே வாடகை ஜாக்கெட், காலுறைக்கு மேல் செருப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துவிட்டது. பக்கத்தில் கணவர், "காலைல மாத்திரை போட்டியாம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் செல்ஃபியை விட்டுவிட்டு ஓடி வந்தாள். கேபிள் கார் ஊழியர்கள் வந்து உடனே கீழே கூட்டிப் போனார்கள், கீழே வந்ததும் அரை மணி நேரத்தில் தேறிவிட்டார். அவருக்கு இதய வால்வில் பிரச்சினை என்று பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டி யாரும் கேட்கவில்லையா என்றேன். "பனி இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்கன்னு மட்டும் சொன்னாங்க தம்பி" என்றார். எந்த நிறுவனம் என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் உங்கள் படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று கையெடுத்துக் கேட்கிறேன். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம், கர்ப்பம். மூன்று வயதுக்குக் கீழே குழந்தைகளை ஏற்றவே மாட்டார்கள். அதையும் பணம் வாங்கும் முன்னால் சொல்லிவிடுங்கள்.

ஒரு இரவு தங்கினால் இந்தச் சிக்கலும் பாதி குறையும். முதல் நாள் ஊரில் நடந்து, ஆயிரம் மீட்டரில் தூங்கி எழுந்தபின் காலை முதல் கேபிள் காரில் ஏறுவது உடம்புக்கு நல்லது. மேகமும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் சூழும். முதல் நாள் மேகம் மூடிவிட்டாலும் மறுநாள் ஒரு வாய்ப்பு இருக்கும். மேலே போக வேண்டாதவர்களை மோன்தன்வேர் ரயிலில் அனுப்புங்கள். 1909 முதல் ஓடும் பல்சக்கர ரயில், இருபது நிமிடம், 1,913 மீட்டர். இறங்கினால் பிரான்சின் மிகப் பெரிய பனியாறான மேர் த கிளாஸ்.

அந்தப் பனியாற்றைப் பார்க்கும்போது மனம் கனக்கும், கனக்கத்தான் வேண்டும். 1741இல் விண்டம், போகாக் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் வந்து பார்த்து, ஊர் திரும்பி எழுதிய பிறகுதான் ஐரோப்பாவுக்கு ஷமோனி தெரிந்தது. இந்த ஊரின் முழுப் பிழைப்பும் அந்தப் பனியிலிருந்து தொடங்கியது. 1988இல் பனியாற்றுக்குள் குடைந்த பனிக்குகைக்குப் போக கேபின் லிஃப்ட் கட்டியபோது, இறங்கி மூன்று படி வைத்தால் பனி. அதன் பிறகு பனி இறங்க இறங்கப் படிகளைக் கட்டிக்கொண்டே போனார்கள், ஐந்நூறுக்கும் மேல் ஆனது. முட்டி வலிக்கிறவர்கள் பாதியில் திரும்பினார்கள். 2024இல் மேலே தள்ளி வேறு லிஃப்ட் போட்டிருக்கிறார்கள். பழைய வழியில் இந்த வருடம் பனி இங்கே இருந்தது என்று அறிவிப்புப் பலகைகள் பாறையில் அடித்திருந்தார்கள். 1990 பலகை தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. சொந்தப் பிள்ளைகள் பிறந்த வருடத்தை அதில் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லப்போகும் தடைகள் எனக்குத் தெரியும். ஹோட்டல் விலை. உண்மைதான், ஷமோனி நடு ஊரில் அறைகள் கைக்கெட்டாது. ஊர்க்காரர்களுக்கே வீடு எட்டாமல் போய், கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்கிறவர்கள் கீழே வெகு தூரத்திலிருந்து வந்து போகிறார்கள். இருக்கும் வீடுகளில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள். புதிதாக அப்படிப்பட்ட வீடுகள் கட்டக் கூடாது என்று 2025இல் நகராட்சி முடிவெடுத்தது. ஆனால் பள்ளத்தாக்கு முழுக்க ஷமோனிதான். லெ ஊஷ், செர்வோஸ், அர்ஜான்தியேர் பக்கம் விலை குறைவு. அங்கே தங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் விருந்தினர் அட்டை இருந்தால் பள்ளத்தாக்கு பஸ்ஸிலும் ரயிலிலும் இலவசமாகப் போகலாம். ஜெனீவாவில் ஒரு இரவைக் குறைத்தால் கணக்கு பெரிதாக மாறாது, சமயத்தில் மிச்சமாகவும் செய்யும். சாப்பாடு அடுத்த தடை. உங்கள் சமையல்காரரைக் கூடவே கூட்டி வருகிறீர்கள். அடுப்படியோடு கூடிய குழுத் தங்குமிடங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் மலையேறிகளுக்காகவே நிறைய இருக்கின்றன. அங்கே அவர் ரசம் வைக்கலாம்.

மாலையில் என்ன செய்வது என்று ஒருவர் என்னைக் கேட்டார். நடந்தால் போதும். மோன்தன்வேர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பியோலே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதலில் ஏறிய எட்வர்ட் விம்பர் 1911இல் ஷமோனியில் இறந்து அங்கேதான் கிடக்கிறார். 1950 ஜூனில் அன்னபூர்ணா உச்சியை முதலில் தொட்ட இருவரில் ஒருவரான லூயி லாஷனாலும் அங்கே. அந்தப் பயணத்தில் கால் விரல்களை இழந்து திரும்பியவர், ஐந்து வருடத்தில் எகுய் து மிடிக்குக் கீழே பனிச்சறுக்கின்போது ஒரு பிளவில் விழுந்து இறந்தார். கல்லறைகளில் சலவைக் கல் குறைவு, மலையிலிருந்து உருட்டி வந்த கரும்பாறைகள்தான். பக்கத்துப் பக்கத்துக் கற்களில் ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும். பாயோ, பல்மா, கூத்தே, சிமோன். நம் மாலுமிகளைத் தேடிப் போனவரின் குடும்பப் பெயரும், நோயாளிகளைப் பார்க்கச் சறுக்கிப் போன டாக்டரின் குடும்பப் பெயரும் ஒன்றுதான் என்பதை அங்கே நின்றால் கவனிக்கலாம்.

அடுத்த கோடைக்கான பயணத் திட்டங்களைப் பொங்கலுக்குள் அச்சுக்குக் கொடுத்துவிடுவீர்கள். அதற்கு முன்னால் ஷமோனி வரியை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எல்லாக் குழுவுக்கும் முடியாது என்றால் ஒரு குழுவுக்காவது ஒரு இரவு போட்டுப் பாருங்கள், வந்தவர்களிடம் திரும்பும்போது கேளுங்கள். இரவு தங்கவே முடியாது என்றால் பொஸ்ஸோன் தெரியும் இடத்தில் பஸ்ஸைப் பத்து நிமிடம் ஓரம்கட்டுங்கள். மைக்கில் சொல்ல ஆள் இல்லையென்றால், நாள் குறித்துச் சொன்னால் நானே ஜெனீவாவில் பஸ் ஏறிக்கொள்கிறேன். அதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெனீவாவில் வசிக்கும் ஒரு தமிழன்